ஐந்தாவது சத்தம்

வெண்டல் ஸ்ப்ரேபெர்ரி எழுதிய வரிகளிலேயே அதிகம் பேரைச் சிரிக்க வைத்தது ஜாரியன் மேப்ரியைப் பற்றி எழுதிய வரிதான். "சொந்த மைதானத்தில் தூங்குகிறான், வெளியூர் போனால்தான் கண் விழிக்கிறான், வீட்டு மெத்தை சுகமாக இருக்கும் போல." மே மாதக் கூட்டத்தில் அதை அவர் வாசித்தபோது பன்னிரண்டு அணிகளின் ஆட்களும் மேஜையைத் தட்டிச் சிரித்தார்கள். கழகத் தலைவர் கிட்ரெல் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார். வெண்டலும் வாசித்தார். அன்று அவருக்கு ரொம்பப் பெருமை.

பன்னிரண்டு தொழில்முறை கால்பந்து அணிகள் சேர்ந்து நடத்தும் தேர்வுக் கழகம் அது. நீள்வட்டப் பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடும் கால்பந்து. செப்டம்பரில் கல்லூரி ஆட்டங்கள் தொடங்கும் முன்பே, கடைசி வருடப் பையன்கள் அத்தனை பேரையும் படத்தில் பார்த்து, மதிப்பெண் போட்டு, பட்டியல் தயாரிப்பது கழகத்தின் வேலை; முப்பத்தோரு வருடமாக அதைச் செய்கிறவர்களில் வெண்டல் ஒருவர். அது முடிந்த முடிவல்ல என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். ஆனால் மதிப்பெண் குறைந்தவனைப் பார்க்க எந்த அணியின் ஆளும் பெட்ரோல் செலவழித்து வரமாட்டான். பார்க்க ஆள் வராதவன் ஏப்ரலில், அணிகள் ஆள் எடுக்கும் நாளில், வீட்டுச் சோபாவில் உட்கார்ந்து மற்றவர்கள் பெயர் அழைக்கப்படுவதைக் கேட்டுக்கொண்டிருப்பான். மேப்ரிக்கு வெண்டல் போட்டது அந்த மாதிரி மதிப்பெண்.

ஆகஸ்ட் மூன்றாவது வாரம், புதன்கிழமை காலை, மிசிசிப்பியில் டாலஹோமா கல்லூரியின் பயிற்சி மைதானத்துக்கு வெண்டல் வந்தது மேப்ரிக்காக அல்ல. வேறொருவனின் முட்டி எப்படி ஆறியிருக்கிறது என்று பார்க்க வந்தார். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குப் பட்டியல் மூடப்படும். அதற்குள் இன்னும் இரண்டு கல்லூரி பாக்கி இருந்தது.

எப்போதும் உட்காரும் மேல்படிகளில் அன்று பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். வேறு நிழல் இல்லாமல், தடுப்பு வரிசைக்குப் பின்னால் நின்ற தண்ணீர் வண்டியின் ஓரத்தில் போய் நின்றார். கையில் ஒரு பொட்டலம் அவித்த வேர்க்கடலை. காலை ஒன்பது மணிக்கே வெயில் மண்டையைப் பிளந்தது.

தடுப்பு வரிசை என்பது ஐந்து மலைகள். நடுவில் நிற்பவன் பந்தைக் கால்களுக்கிடையே பின்னால் தள்ளுவான். அவனுக்குப் பின்னால் நிற்கும் குவார்ட்டர்பேக் அதை வாங்குவான். எப்போது தள்ள வேண்டும் என்பது குவார்ட்டர்பேக்கின் குரலில் இருக்கிறது. "ஹட்" என்று கத்துவான். இரண்டாவது ஹட்டா மூன்றாவதா என்று ஐந்து பேரும் முன்பே பேசி வைத்திருப்பார்கள். அந்த ஹட் காதில் விழுந்த நொடியில் ஐந்து பேரும் எதிரே நிற்பவன் மேல் பாய வேண்டும். எதிராளிக்குத் தெரியாத அந்த ஒரு நொடிதான் இவர்களுக்கு இருக்கும் ஒரே லாபம். மேப்ரி வலது கோடியில் நிற்பவன். ஆறடி ஆறு அங்குலம்; கதவைக் கழற்றி நிறுத்தியது போல் இருப்பான்.

ஹட் என்று குரல் வந்தது. தோள்கவசங்கள் மோதின. நாலு சத்தம் ஒன்றாக விழுந்தது. ஐந்தாவது சத்தம் கொஞ்சம் பின்னால் வந்தது. ஐந்தாவது மேப்ரி.

"எழுந்தாச்சா ராசா?" என்று வெண்டல் தனக்குள் சொல்லிக்கொண்டு கடலையை உடைத்தார். மறுபடியும் அதேதான். மூன்றாவது முறையும் அதேதான். தான் எழுதியது எவ்வளவு சரி என்று மனசுக்குள் ஒரு சின்னத் திருப்திகூட வந்தது. பிறகு அதை நினைத்து நினைத்து அவர் வெட்கப்பட்டார்.

அப்போது யாரோ மைதானத்தின் ஓரத்தில் இருந்த பெரிய ஒலிபெருக்கிகளைப் போட்டார்கள். வெளியூர் ஆட்டத்தில் எண்பதாயிரம் பேர் தொண்டை கிழியக் கத்தும்போது எந்தக் குரலும் கேட்காது. அதற்கும் பழக வேண்டும் என்று, கூட்டம் கத்தும் சத்தத்தை இப்படி ஓட விடுவது வழக்கம். அந்த இரைச்சலில் குரலுக்குப் பதில் சைகைதான். குவார்ட்டர்பேக் காலைத் தூக்குவான், ஒருவன் அதைப் பார்த்து நடுவில் இருப்பவனைத் தட்டுவான், அவன் தலையை நிமிர்த்திவிட்டுப் பந்தைத் தள்ளுவான். மற்றவர்கள் ஓரக்கண்ணால் பந்தைப் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டும்.

பந்து நகர்ந்தது. முதலில் பாய்ந்தவன் மேப்ரி.

வெண்டலின் கை கடலைப் பொட்டலத்திலேயே நின்றுவிட்டது. ஆறு முறை சைகை ஆட்டம் நடந்தது. ஆறு முறையும் மேப்ரிதான் முந்தினான். ஒலிபெருக்கியை நிறுத்தினார்கள். ஹட். நாலு சத்தம், பிறகு ஒரு சத்தம்.

இவன் தூங்குபவன் இல்லை. கண்ணால் பார்க்கும்போது முந்துகிறான், காதால் கேட்க வேண்டியபோது பிந்துகிறான். குவார்ட்டர்பேக்கின் குரல் வருவது இவனுடைய இடப்பக்கத்திலிருந்து. அந்தக் காது கேட்கவில்லை. சொந்த ஊரில் கூட்டம் மரியாதையாக அமைதி காக்கும், அதனால் குரல் வைத்து ஆடுவார்கள், இவன் பிந்துவான். வெளியூரில் சைகை, இவன் சிங்கம். இவ்வளவுதான் விஷயம்.

இது எப்படித் தெரியாமல் போயிற்று? கல்லூரிகள் அனுப்பும் ஆட்டப் படங்களில் சத்தம் கிடையாது. இருபத்திரண்டு பேரும் தெளிவாகத் தெரிவார்கள், ஒரு மூச்சுச் சத்தம்கூட வராது. வெண்டலும் அவர் வகையறாவும் காலம் முழுக்க அந்த ஊமைப் படத்தைப் பார்த்துத்தான் பிள்ளைகளின் கால், இடுப்பு, தைரியம், சோம்பல் எல்லாவற்றையும் எடை போட்டார்கள். முப்பத்தோரு வருடத்தில் ஒருமுறையாவது ஒருவனுக்குக் காது கேட்கிறதா என்று அவர் யோசித்ததில்லை. கடலையைக் குப்பையில் போட்டார்.

பயிற்சி முடிந்ததும் நேராக ஹோய்ட் பௌண்ட்ஸ் இருந்த சாமான் அறைக்குப் போனார். ஹோய்ட் இருபது வருடமாக அங்கே ஹெல்மெட்டையும் கவசத்தையும் பார்த்துக்கொள்பவர். எவன் ஷூவுக்குள் இரண்டு மெத்தை வைக்கிறான், எவன் முட்டிக்கு ரகசியமாகப் பட்டி கேட்கிறான் என்பதெல்லாம் டாக்டருக்கு முன்னால் அவருக்குத் தெரியும். வெண்டலின் பாதிச் செய்திகள் அந்த அறையில் பொறுக்கியவை.

"வாய்யா பேனாக்காரா," என்றார் ஹோய்ட், துவைக்கும் மெஷினின் கதவைச் சாத்திக்கொண்டே. "இந்த வருஷம் யார் பொழைப்புல மண்ணைப் போட வந்திருக்க?"

"மேப்ரியோட ஹெல்மெட்டைக் காட்டு."

ஹோய்ட் கையைத் துடைத்துக்கொண்டார். "ஏன், மெத்தை இருக்கான்னு பாக்கணுமா?"

"காட்டுய்யா."

ஹெல்மெட்டை எடுத்துக் கொடுத்தார். வெண்டல் உள்ளே விரலை விட்டுப் பார்த்தார். இடப்பக்கக் காதருகே பஞ்சு முழுதாக இருந்தது. வலப்பக்கம் மட்டும் அட்டை கனத்துக்குச் செதுக்கியிருந்தது.

"நீ செதுக்கினதா?"

"அவன் கேட்டான், செஞ்சேன். எதுக்குன்னு நான் கேக்கல. நீயும் என்கிட்ட கேக்காதே, சொல்ல மாட்டேன்." ஹோய்ட் ஹெல்மெட்டை வாங்கித் துணியால் துடைத்தார். "உன் வரி இங்க வந்து சேர்ந்துடுச்சு, தெரியுமா? கோச் பர்டெட் பசங்க முன்னாடி வாசிச்சுக் காட்டினாரு, சூடு சொரணை வரட்டும்னு. அன்னைலேர்ந்து அவனுக்குப் பேரே தூங்கமூஞ்சிதான்."

வெண்டல் பதில் சொல்லும் முன் கதவு திறந்தது. ஈரத் தலையோடு மேப்ரி உள்ளே வந்து, ஷூ லேஸ் வேண்டும் என்று ஹோய்டிடம் கேட்டான். வெண்டல் அவனுடைய இடது தோளுக்குப் பின்னால் நின்றிருந்தார். அடுத்து அவர் செய்தது அவருக்கே பிடிக்கவில்லை, ஆனாலும் செய்தார். சாதாரணக் குரலில், "மேப்ரி," என்றார். அவன் திரும்பவில்லை. மெஷின் ஓடும் சத்தத்தில் இன்னொரு முறை, "தம்பி, உன்னைத்தான்," என்றார். அவன் லேஸைப் பிரித்துக்கொண்டிருந்தான்.

ஹோய்டின் முகம் கறுத்துவிட்டது. "போதும் வெண்டல்," என்றார்.

அந்தப் பேரைக் கேட்டு மேப்ரி திரும்பினான். தனக்குப் பின்னால் ஓர் ஆள் நின்றிருந்ததைப் பார்த்தான். ஹோய்டின் முகத்தையும் பார்த்தான். என்ன நடந்தது என்று புரிந்துகொள்ள அவனுக்கு அதிக நேரம் ஆகவில்லை.

"நீங்கதான் அதை எழுதினவரா சார்?"

"ஆமா."

ஹோய்ட் துண்டுகள் இருந்த கூடையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டார். வெண்டல் சுற்றிப் போய் அவனுக்கு வலப்பக்கம் நின்றார்.

"எப்பலேர்ந்து?"

"ஆறு வயசுல மூளைக்காய்ச்சல். இந்தப் பக்கம் சுத்தமா கிடையாது." தலையைத் தொட்டுக்கூடக் காட்டாமல், வேறு யாரைப் பற்றியோ சொல்வதுபோல் சொன்னான்.

"தம்பி, நான் எழுதினது தப்பு. அதை மாத்திடறேன். வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம் இருக்கு."

"மாத்தாதீங்க சார்."

"என்னது?"

"மாத்தினா ஏன்னு எழுதணும்ல? காதுன்னு எழுதுவீங்க. தூங்குறவன்னா எழுப்பிக்கலாம்னு எவனாவது நினைப்பான். செவிடன்னா யாரு கூப்பிடுவா?" அவன் குரல் உயரவேயில்லை. "எட்டாம் கிளாஸ்ல ஒரே ஒரு கோச்கிட்ட சொன்னேன். நல்ல மனுசன்தான், தோள்ல கைய போட்டுப் பேசினாரு. மறுநாள் என் ஹெல்மெட் வேற ஒருத்தன் தலையில இருந்துச்சு. எங்கம்மா மீன் கம்பெனியில நின்னுகிட்டே வேலை பாக்குறாங்க சார். எனக்கு இது ஒண்ணுதான் தெரியும்."

"பிப்ரவரில அணி டாக்டருங்க எப்படியும் பாப்பாங்க."

"முட்டியைப் பாப்பாங்க. காதை எவன் பாக்குறான்?"

"இடது கோடியில ஆடியிருக்கியா?" என்று கேட்டார் வெண்டல். "அங்க நின்னா குரல் உன் நல்ல காதுப் பக்கம் வரும்."

"தெரியாதா சார் எனக்கு? போன வசந்தத்துல அங்க நிக்கறவனுக்கு அடிபட்டப்ப ஒரு வாரம் ஆடினேன். ஒரு தடவைகூட லேட் ஆகல. அப்புறம் அவன் வந்துட்டான். அங்கயே நிக்கறேன்னு கேட்டா, ஏன்னு கேப்பாங்க." லேஸைச் சுருட்டிப் பாக்கெட்டில் போட்டான். "தூங்கமூஞ்சின்னே இருந்துட்டுப் போறேன். விடுங்க சார்."

அன்று மாலை விடுதி அறையில் வெண்டல் கிட்ரெலுக்குப் போன் செய்தார். மேப்ரியின் மதிப்பெண்ணை ஏற்ற வேண்டும் என்றார்.

"ஏத்து. காரணத்தை எழுது," என்றார் கிட்ரெல்.

"காரணம் எழுத முடியாது."

"என்னப்பா விளையாடுறியா? பன்னெண்டு அணிக்காரன் கேப்பான். உடம்புல ஏதாவதுன்னா அதைக் கண்டிப்பா எழுதணும். மறைச்சா உன் வேலை போயிடும், அதுவும் உனக்குத் தெரியும்."

வெண்டலுக்கு நன்றாகத் தெரியும். எழுதினால் பையனின் ரகசியம் போகும்; எழுதாவிட்டால் அவன் பெயர் தூங்கமூஞ்சி என்றே நிலைக்கும். இரண்டுக்கும் நடுவே, அவரால் கொடுக்கக்கூடியது ஒன்றுதான் மிச்சம் இருந்தது. மடிக்கணினியில் மேப்ரியின் படிவத்தைத் திறந்து எழுதினார்: "மே மாதக் குறிப்பைத் திரும்பப் பெறுகிறேன். எழுதியவர் சரியாகப் பார்க்கவில்லை." அனுப்பிவிட்டுப் படுத்தார். இப்படி ஒரு வரி எழுதியவனின் மற்ற வரிகளை இனி யார் நம்புவார்கள் என்று யோசித்தபடியே கிடந்தார்.

ரகசியப் படிவம் என்றுதான் பெயர். வியாழன் காலை பயிற்சி தொடங்கும் முன்பே கோச் பர்டெட்டின் காதுக்கு அது எட்டியிருந்தது. தடுப்பு வரிசைப் பையன்கள் மண்டியிட்டுத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து, வேலியோரம் நின்ற வெண்டலைக் கை தட்டி அழைத்தார்.

"என்ன சார், எங்க தூங்கமூஞ்சி தூங்கலையாமே? நீங்களே சொல்லிட்டீங்களாம். அப்ப அவனுக்கு என்னதான் கோளாறு? தயவு செஞ்சு எனக்கும் சொல்லுங்க, நானும் மூணு வருஷமா மண்டையை உடைச்சிக்கறேன்."

பையன்கள் சிரித்தார்கள். மேப்ரி ஓரத்தில் நின்றிருந்தான், வலது காது இவர்கள் பக்கம் இருக்கும்படி.

"கோளாறு அவன்கிட்ட இல்லை கோச்," என்றார் வெண்டல். "என்கிட்ட. எனக்குப் பாக்கத் தெரியல."

"முப்பது வருஷமா பாக்குறவருக்குப் பாக்கத் தெரியலையாம்!"

"தெரியல."

"கண்ணாடி மாத்துங்க பெருசு!" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்த, மறுபடியும் பெரிய சிரிப்பு. வெண்டல் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அறுபத்திரண்டு வயதில், வாழ்நாள் முழுக்கச் செய்த வேலை தனக்குத் தெரியாது என்று இருபது பையன்கள் முன்னால் சொல்லிவிட்டு நிற்பது சுலபமல்ல. கழுத்து வரை சிவந்துவிட்டது. ஆனால் வேறு ஒரு வார்த்தையும் அவர் வாயிலிருந்து வரவில்லை.

மேப்ரி அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு ஹெல்மெட்டைக் கழற்றினான்.

"கோச், என்னை இடது கோடியில நிறுத்துங்க."

"எதுக்கு?"

சிரிப்பு அடங்கும்வரை அவன் பேசவில்லை.

"இந்தப் பக்கம் எனக்குக் காது கேக்காது."

முதலில் பேசியது கோல்பி ரட்லெட்ஜ். மேப்ரிக்கு இடப்பக்கம், தோளோடு தோள் ஒட்டி மூன்று வருடமாக நிற்பவன். வாயாடி என்று பெயர் எடுத்தவன்.

"டேய்," என்றான். "மூணு வருஷமா உன்கூட நான் பேசிட்டே இருந்தேனேடா. எங்கப்பா போனப்பகூட, அந்தச் சனிக்கிழமை, உன்கிட்டதானேடா சொன்னேன். நீ ஒண்ணும் சொல்லல. திமிருன்னு நினைச்சேன். உன்னைத் தூங்கமூஞ்சின்னு கத்தினதுல நான்தான் முதல் ஆள்."

"என்னடா சொன்ன?" என்று கேட்டான் மேப்ரி. "எனக்குத் தெரியாதே கோல்பி."

கோல்பி அந்தப் பெரிய கைகளால் முகத்தை மூடிக்கொண்டான். வெண்டல் அதற்கு மேல் பார்க்க முடியாமல் வேலிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அன்றே மேப்ரியை டாக்டரிடம் அனுப்பினார்கள். அவன் ஹெல்மெட்டை ஹோய்ட் வாங்கி உள்ளே கொண்டுபோனார். எட்டாம் வகுப்பில் நடந்ததே மறுபடியும் நடக்கப்போகிறது என்றுதான் வெண்டல் நினைத்தார். வெண்டல் பாக்கியிருந்த இரண்டு கல்லூரிகளுக்கும் போகவில்லை. வெள்ளிக்கிழமை மதியம் டாக்டரின் தாள் வந்தது: இடது காதில் செவித்திறன் இல்லை, ஆட்டத்துக்கு அதனால் தடையும் இல்லை. பர்டெட் அதை இரண்டு முறை படித்துவிட்டு, மாலைப் பயிற்சியில் இடது கோடி, மாற்று ஆட்டக்காரர்களின் இரண்டாம் வரிசை என்றார். ஹோய்ட் கேட்காமலே புது ஹெல்மெட்டில் வலப்பக்கப் பஞ்சைச் செதுக்கிக் கொடுத்தார்.

மைதானத்துக்குப் போகும் வழியில் மேப்ரியை வெண்டல் நிறுத்தினார். வலப்பக்கமாகப் போய் நின்றுதான் பேசினார்.

"இனி எழுதலாமா தம்பி?"

"எழுதுங்க சார். மறைக்க என்ன இருக்கு இனிமே? ஆனா அந்தத் தூக்கத்தை எடுத்துடுங்க. எங்கம்மா படிச்சுட்டாங்க."

"எடுத்துடறேன்," என்றார் வெண்டல்.

நாலரை மணிக்கு, மைதானத்தின் ஓரத்தில் நிறுத்தியிருந்த காரில் உட்கார்ந்து படிவத்தைத் திறந்தார். காது பற்றி எழுதினார், இடது கோடி பற்றி எழுதினார், மதிப்பெண்ணை எங்கே ஏற்ற வேண்டுமோ அங்கே ஏற்றினார். பிறகு பழைய வரியை அழிக்கப் பார்த்தார். அழியவில்லை. கிட்ரெலுக்குப் போன் போட்டார்.

"பழசு அழியாதுப்பா," என்றார் கிட்ரெல். "எழுதினவன் தன் தப்பை மறைச்சிடக் கூடாதுன்னு விதி போட்டோமே. நீதான் அன்னைக்கு முதல்ல கையைத் தூக்கின."

வெண்டல் அழிக்கும் பொத்தானை இன்னொரு முறை அமுக்கிப் பார்த்தார்.

"புதுசை மேல போடு, அது போதும். காது விஷயம் நேத்தே எல்லா அணிக்கும் எட்டிடுச்சு; ரெண்டு அணிக்காரன் வந்து பாக்கறேன்னு சொல்றான், மத்தவன் யோசிக்கறான். இருந்தாலும் வெண்டல், அந்த மெத்தை வரி நல்லாத்தான் இருந்துச்சு."

போனை வைத்தார். ஐந்து அடிக்கப் பத்து நிமிடம் இருந்தது. புதுக் குறிப்பின் கடைசியில் இன்னும் ஒரு வரி சேர்த்தார்: "கீழே இருப்பதை எழுதியவன் நான். தூங்கியது இந்தப் பையன் அல்ல."

திறந்திருந்த ஜன்னல் வழியாகக் குவார்ட்டர்பேக்கின் குரல் வந்தது. வெண்டல் நிமிர்ந்து பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு காதைக் கொடுத்தார். ஹட், ஹட். ஐந்து பேரும் மோதினார்கள். ஒரே சத்தம்தான் கேட்டது. அடுத்த முறையும் ஒரே சத்தம்.

கண்ணைத் திறந்தபோது திரையில் அந்தப் பழைய வரி, மெத்தையும் தூக்கமுமாக, அவர் பெயரோடு அப்படியே இருந்தது. அதோடு சேர்த்துத்தான் அனுப்பினார்.